மேலே சுயாட்சி, கீழே நாட்டாமை

வாஷிங்டன் தலையிடக் கூடாது என்று கொடி பிடிக்கும் டெக்ஸாஸ் மாநில அரசு, தன் சொந்த நகரங்களின் அதிகாரத்தை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்கிறது. கட்டடத் தொழிலாளி தண்ணீர் குடிக்கும் நேரம்கூட இந்தச் சண்டையில் தப்பவில்லை.

சலுகை மிகச் சிறியது. நான்கு மணி நேரம் வெயிலில் வேலை செய்யும் கட்டடத் தொழிலாளிக்குப் பத்து நிமிட ஓய்வு. நிழலில் ஒதுங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். ஆஸ்டின் மாநகராட்சி 2010இல் கொண்டுவந்த விதி இது. டல்லாஸ் 2015இல் அதைப் பின்பற்றியது. செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. எந்தக் கட்டுமான நிறுவனமும் இதனால் திவாலாகிவிடவில்லை.

2023 ஜூன் மத்தியில், மாநிலம் அனலில் தகித்துக்கொண்டிருந்தபோது, கவர்னர் கிரெக் அபட் ஒரு மசோதாவில் கையெழுத்திட்டார். அந்தக் கோடை டெக்ஸாஸ் வரலாற்றிலேயே இரண்டாவது கடுமையான கோடையாகப் பதிவானது. விவசாயம், வணிகம், நிதி, காப்பீடு, தொழிலாளர், இயற்கை வளம், சொத்து போன்ற துறைகளில் மாநிலச் சட்டம் கால் வைத்த இடத்தில் நகரங்கள் தனி விதி போடக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். மீறினால் பாதிக்கப்பட்ட தனிநபரோ வணிகச் சங்கமோ மாநகராட்சியைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். தண்ணீர் இடைவேளையின் ஆயுள் அன்றே கேள்விக்குறியானது. தனியார் முதலாளிகள் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டிலிருந்து விலகிக்கொள்ள அனுமதிக்கும் ஒரே அமெரிக்க மாநிலம் டெக்ஸாஸ் என்பதை நினைவில் கொண்டால், அந்தப் பத்து நிமிடத்தின் மதிப்பு புரியும்.

எதிர்ப்பாளர்கள் இந்தச் சட்டத்துக்குச் சூட்டிய பெயர் ‘டெத் ஸ்டார்’. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஒரு கிரகத்தையே வெடித்துச் சிதறடிக்கும் ஆயுதத்தின் பெயர். ஹூஸ்டன் நகரம் வழக்குப் போட்டது. சான் அன்டோனியோவும் எல் பாஸோவும் சேர்ந்துகொண்டன. சட்டம் அமலுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு, 2023 ஆகஸ்ட் 30 அன்று, ஆஸ்டினில் ஒரு மாவட்ட நீதிபதி அது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றார். மாநில அரசு அப்பீல் செய்தது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கவர்னராவதற்கு முன்பு அபட் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல். அப்போது தன் அன்றாட வேலையை அவரே கிண்டலாக விவரித்தார்: அலுவலகம் போவது, ஒபாமா மேல் வழக்குப் போடுவது, வீட்டுக்குத் திரும்புவது. தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மத்திய அரசுக்கு உள்ளூர் நிலைமை தெரியாது என்பதே அந்த வழக்குகள் எல்லாவற்றின் சாரம். இன்று அதே வாதத்தை ஹூஸ்டனும் ஆஸ்டினும் அவருடைய அரசுக்கு எதிராக எடுத்து வைக்கின்றன. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

140 நாள் சட்டமன்றம்

டெக்ஸாஸ் 1836 முதல் 1845 வரை தனி நாடாக இருந்தது. அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. 1876இல் ஏற்கப்பட்ட அரசியல் சாசனம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அரசாங்கம் எவ்வளவு குறைவாக ஆள்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்த விவசாயிகளும் பண்ணைக்காரர்களும் எழுதிய சாசனம் அது. சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் கூடும். 140 நாளில் மூட்டை கட்டிவிட வேண்டும். உறுப்பினருக்கு மாதச் சம்பளம் 600 டாலர், அமர்வு நாட்களுக்குப் படி தனி. எனவே வக்கீல், வியாபாரி, பண்ணை முதலாளி போன்ற, வேறு வருமானம் உள்ளவர்களால்தான் அங்கே உட்கார முடிகிறது.

ஆனால் மாநிலம் மாறிவிட்டது. 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி 2.91 கோடிப் பேர். ஹூஸ்டன், டல்லாஸ்-ஃபோர்ட் வொர்த், சான் அன்டோனியோ, ஆஸ்டின் ஆகிய நான்கு பெருநகரப் பகுதிகளில் மட்டும் இவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. ஹூஸ்டன் 23 லட்சம் மக்களுடன் அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம். எண்ணெய், துறைமுகம், மருத்துவம், கம்ப்யூட்டர் சிப் என்று மாநிலத்தின் பணம் புரள்வது இந்த நகரங்களில்தான்.

அரசியல் மட்டும் நேர் எதிர்த் திசையில் போனது. ஜனநாயகக் கட்சி மாநில அளவிலான ஒரு தேர்தலில் கடைசியாக வென்றது 1994இல். 2003இல் சட்டமன்றத்தின் இரு அவைகளும் கவர்னர் பதவியும் குடியரசுக் கட்சியின் கைக்கு வந்தன; அன்றிலிருந்து பிடி தளரவில்லை. அதே காலத்தில் பெரிய நகரங்கள் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்தன. மேயர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்றாலும் யார் எந்தக் கட்சி என்பது ஊரறிந்த ரகசியம். விளைவு: சட்டமன்றக் கட்டடம் நிற்கும் ஆஸ்டின் நகரமே அதற்குள் உட்காரும் பெரும்பான்மைக் கட்சிக்கு எதிரி முகாம். 2017இல் ஒரு கட்சி விருந்தில் பேசிய அபட், ஆஸ்டினின் கவுன்டி எல்லையைத் தாண்டினாலே காற்றின் வாசனை மாறிவிடுகிறது, அது சுதந்திரத்தின் வாசனை என்றார். கூட்டம் கை தட்டியது.

அடுக்கடுக்காய் ரத்து

நகரங்கள் தனியாக விதி போடும் உரிமை 1912இல் வந்தது. 5,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர் தனக்கென்று சாசனம் எழுதிக்கொள்ளலாம். மாநிலச் சட்டத்துக்கு முரணாகாத எதையும் செய்யலாம். முடிச்சு இருப்பது இந்தக் கடைசி நிபந்தனையில்தான். முரண் இல்லாத இடத்தில் புதிதாக ஒரு சட்டம் போட்டு முரணை உண்டாக்கிவிடலாம் என்பதைக் கடந்த பத்தாண்டுகளில் சட்டமன்றம் நன்றாகக் கற்றுக்கொண்டது.

பல்கலைக்கழக நகரமான டென்டனில் தொடங்கலாம். ஊருக்குள்ளேயே, வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் பக்கத்தில், பாறையைப் பிளந்து எரிவாயு எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2014 நவம்பரில் நகரவாசிகள் ஓட்டெடுப்பு நடத்தி, சுமார் 59 சதவீத ஆதரவுடன் அதைத் தடை செய்தார்கள். ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. 2015 மே மாதம், எண்ணெய்-எரிவாயு விஷயத்தில் நகரங்களுக்குத் தடை போடும் அதிகாரம் இல்லை என்ற சட்டம் வந்தது. ஜூனில் டென்டன் தன் தடையைத் தானே வாபஸ் பெற்றது.

மெக்ஸிகோ எல்லையில் இருக்கும் லரேடோ, சாக்கடையை அடைக்கும் பிளாஸ்டிக் பைக்குத் தடை விதித்தது. குப்பை பற்றிய மாநிலச் சட்டத்துக்கு அது முரண் என்று 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதி இடங்களுக்கும் கட்சிச் சின்னத்தில்தான் தேர்தல் நடக்கிறது. ஒன்பது பேரும் குடியரசுக் கட்சி.

ஆஸ்டினின் கதை இன்னும் நீளம். வாடகைக் கார் ஓட்டுபவரின் கைரேகையைச் சரிபார்க்க வேண்டும் என்றது மாநகராட்சி. ஊபர், லிஃப்ட் நிறுவனங்கள் 80 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து ஓட்டெடுப்புக்குப் போயின. 2016 மே மாதம் மக்கள் 56 சதவீத ஓட்டில் நிறுவனங்களைத் தோற்கடித்தார்கள். இரண்டு நிறுவனங்களும் ஊரை விட்டுப் போயின. அடுத்த ஆண்டே சட்டமன்றம் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி போட்டது. கைரேகை போயிற்று, நிறுவனங்கள் திரும்பி வந்தன. ஊழியர்களுக்குச் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு என்று ஆஸ்டின் 2018இல் போட்ட விதியும் கோர்ட்டில் செத்தது.

மரம்கூடத் தப்பவில்லை. தன் வீட்டுத் தோட்டத்து மரத்தை வெட்டும்போது ஆஸ்டினின் மரப் பாதுகாப்பு விதி குறுக்கே வந்ததை அபட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 2017இல் அவர் கூட்டிய சிறப்பு அமர்வின் பட்டியலில் நகரங்களின் மர விதிகளும் இருந்தன. ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் கொல்லைப்புற மரத்துக்காகக் கூடியது.

பெயர் சொல்லாத குறி

ஒரு நகரத்தின் பெயரைச் சொல்லிச் சட்டம் போட்டால் கோர்ட் கேள்வி கேட்கும். அதற்கும் வழி இருக்கிறது. மக்கள்தொகையை எழுதிவிட்டால் போதும்.

ஹூஸ்டன் அடங்கியிருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் சுமார் 47 லட்சம் பேர். கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற அமைப்பு. டெக்ஸாஸில் 254 இருக்கின்றன. 2020 தேர்தலின்போது, தபால் ஓட்டைக் கையில் கொண்டுவந்து போட ஹாரிஸில் 12 இடங்கள் அமைத்தார்கள். கவுன்டிக்கு ஒரே இடம்தான் என்று அக்டோபர் முதல் நாள் அபட் உத்தரவு போட்டார். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் 64 பேர் மட்டுமே வசித்த லவிங் கவுன்டிக்கும் ஒன்று. 47 லட்சம் பேருக்கும் ஒன்று. கொரோனா காலத்தில் காரில் இருந்தபடியே ஓட்டுப் போடவும், இரவு முழுக்க ஓட்டுப் போடவும் ஹாரிஸ் வசதி செய்திருந்தது. ஷிஃப்ட் தொழிலாளிகளுக்கு அது வரப்பிரசாதம். 2021இல் இரண்டுமே சட்டவிரோதம் ஆயின.

2022 நவம்பர் தேர்தலில் ஹாரிஸின் சில வாக்குச்சாவடிகளில் ஓட்டுச்சீட்டுத் தாள் தீர்ந்துபோனது. நிர்வாகக் கோளாறுதான், மறுப்பதற்கில்லை. அதற்குச் சட்டமன்றம் கொடுத்த மருந்து: 35 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுன்டிகளில் தேர்தல் அதிகாரி பதவியே ஒழிக்கப்படுகிறது. மாநிலத்தில் அப்படிப்பட்ட கவுன்டி ஒன்றே ஒன்றுதான்.

வெள்ளமும் வகுப்பறையும்

அரசியல்வாதிகளின் கௌரவப் பிரச்சினை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தது. ஹாரிஸ் கவுன்டியில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இதில் நகரத்தின் பங்கும் உண்டு. எந்த மனையில் எதைக் கட்டலாம் என்ற மண்டலத் திட்டம் இல்லாத பெரிய நகரம் ஹூஸ்டன்; 1948, 1962, 1993 என்று மூன்று முறை மக்களே அதை ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். வெள்ளம் வடிய வேண்டிய நிலத்திலும் வீடுகள் முளைத்தன.

அடுத்த வெள்ளத்தைத் தடுக்க மத்திய அரசு பணம் ஒதுக்கியது. பங்கிட்டது மாநில அரசின் நில அலுவலகம். 2021 மே மாதம் முதல் தவணையாக 100 கோடி டாலர் அறிவிக்கப்பட்டபோது, ஹூஸ்டனுக்கும் ஹாரிஸ் கவுன்டிக்கும் கிடைத்தது பூஜ்யம். இரு கட்சியினரும் கூச்சல் போட்ட பிறகு கவுன்டிக்கு 75 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள். பங்கீட்டு முறை கறுப்பின, ஹிஸ்பானிய மக்களுக்குப் பாதகமாக அமைந்தது என்று 2022 மார்ச்சில் மத்திய வீட்டுவசதித் துறை கண்டறிந்தது.

2023 ஜூனில் ஹூஸ்டனின் பள்ளிகளை மாநிலக் கல்வித் துறை எடுத்துக்கொண்டது. சுமார் 1.9 லட்சம் மாணவர்கள் படிக்கும், மாநிலத்திலேயே மிகப் பெரிய பள்ளி மாவட்டம் அது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒன்பது உறுப்பினர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள்; நியமன உறுப்பினர்கள் வந்தார்கள். சில பள்ளிகள் ஆண்டுக்கணக்கில் தேறாமல் கிடந்தன என்பது உண்மை. புதிய நிர்வாகத்தில் தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன என்பதும் உண்மை. ஆனால் பல பள்ளிகளில் நூலகங்கள் மூடப்பட்டு, வகுப்பில் தொந்தரவு செய்யும் மாணவர்களை உட்காரவைக்கும் அறைகளாக மாறின. யாரிடம் போய்க் கேட்பது என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. கேட்க வாய்ப்புக் கிடைத்தபோது கேட்டார்கள்: பள்ளிக் கட்டடங்களுக்காக 440 கோடி டாலர் கடன் திரட்டும் திட்டத்தை 2024 நவம்பரில் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள். ஒழுகும் கூரைகள் ஒழுகியபடியே இருந்தன.

மறுபக்கத்தின் நியாயம்

மாநில அரசின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. டல்லாஸில் ஒரு விதி, பக்கத்து ஊரில் ஒரு விதி, அடுத்த தெருவில் இன்னொன்று என்றால் பத்து ஊர்களில் வேலை எடுக்கும் சிறு காண்டிராக்டர் பாடு திண்டாட்டம். தொழில்கள் கலிஃபோர்னியாவை விட்டு டெக்ஸாஸுக்கு வருவதே கெடுபிடி குறைவு என்பதால்தான். தனிநபர் வருமான வரி இல்லாத மாநிலம் இது. 2019இல் அரசியல் சாசனத்திலேயே அதற்குத் தடை எழுதிவிட்டார்கள். நகரங்களும் பள்ளிகளும் சொத்து வரியை நம்பி வாழ்கின்றன. அந்த வரி ஏறிக்கொண்டே போவதில் வீட்டுக்காரர்களுக்குக் கோபம் உண்டு. நகரங்கள் ஆண்டுக்கு 3.5 சதவீதத்துக்கு மேல் சொத்து வரி வருவாயை உயர்த்த வேண்டுமானால் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும் என்று 2019இல் வந்த சட்டத்தை நகரவாசிகளிலும் பலர் வரவேற்றார்கள். வீட்டு மனையின் குறைந்தபட்ச அளவை நகரங்கள் இஷ்டத்துக்கு நிர்ணயிப்பதை 2025இல் சட்டமன்றம் கட்டுப்படுத்தியது. இளம் குடும்பங்களுக்குச் சிறிய வீடு கிடைக்க அது உதவும் என்று எதிர்க்கட்சி நகரங்களிலும் ஆதரவு இருந்தது.

ஆஸ்டின் தவறே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. வீடற்றவர்கள் பொது இடங்களில் கூடாரம் போட 2019இல் அனுமதித்தது. பாலங்களின் அடியில் கூடார வரிசைகள் முளைத்தன. ஆனால் அதைத் திருத்தியது யார் என்பதுதான் முக்கியம். 2021 மே மாதம் ஆஸ்டின் மக்களே ஓட்டுப் போட்டுத் தடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உள்ளூர் ஜனநாயகம் தன் காயத்துக்குத் தானே மருந்து போட்டுக்கொண்டது. அதன் பிறகும், அடுத்த மாதமே, மாநிலம் முழுவதும் கூடாரத்துக்குத் தடை விதிக்கும் சட்டத்தில் கவர்னர் கையெழுத்துப் போட்டார்.

தவிர, ஒரே விதி நல்ல விதியாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மத்திய அரசின் கட்டுப்பாடு வேண்டாம் என்பதற்காக டெக்ஸாஸ் தனி மின்தொகுப்பு வைத்திருக்கிறது. மாநிலத்தின் மின்தேவையில் சுமார் 90 சதவீதம் அதைச் சார்ந்தது. 2021 பிப்ரவரியில் பனிப்புயல் அடித்தபோது, குளிருக்குத் தயாராகாத மின் நிலையங்களும் எரிவாயுக் குழாய்களும் உறைந்தன. 45 லட்சம் வீடுகள் இருளில் மூழ்கின. மின்தொகுப்பு முழுவதுமாகச் சரிய நான்கு நிமிடம் 37 விநாடிதான் பாக்கி இருந்தது. பக்கத்து மாநிலங்களிலிருந்து போதிய மின்சாரம் வாங்க இணைப்பு இல்லை. மாநில அரசின் கணக்குப்படியே செத்தவர்கள் 246 பேர். தொகுப்பை நிர்வகித்தது மாநிலம். எந்தத் தெருவில் மின்சாரத்தை வெட்டுவது என்ற பாவத்தைச் சுமந்தவை ஆஸ்டின், சான் அன்டோனியோ போன்ற நகரங்களின் மின் வாரியங்கள்.

அவைக்குள் ஓர் இரவு

2025இல் சண்டை இன்னும் ஒரு படி ஏறியது. பத்தாண்டுக்கு ஒரு முறை வரைய வேண்டிய நாடாளுமன்றத் தொகுதி வரைபடத்தை, அதிபர் டிரம்ப்பின் விருப்பப்படி, பாதியிலேயே திருத்தி எழுதச் சட்டமன்றம் கூடியது. குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக ஐந்து இடங்கள் கிடைக்க வேண்டும் என்பதே இலக்கு. பெருநகரத் தொகுதிகள் வெட்டி ஒட்டப்பட்டன. 150 பேர் கொண்ட அவையில் 100 பேர் இருந்தால்தான் கோரம். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மாநிலத்தை விட்டே வெளியேறினார்கள். பலர் போய்ச் சேர்ந்தது இல்லினாய். 2003இலும் 2021இலும் நடந்த அதே உத்தி. இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார்கள்.

திரும்பி வந்தவர்கள் அவையை விட்டு வெளியே போக வேண்டுமானால், கூடவே போலீஸ் வருவதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் சபாநாயகர் டஸ்டின் பரோஸ். ‘டெத் ஸ்டார்’ மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஃபோர்ட் வொர்த் உறுப்பினர் நிகோல் காலியர் கையெழுத்துப் போட மறுத்து, இரவை அவைக்குள்ளேயே கழித்தார். வரைபடம் நிறைவேறியது, ஆகஸ்ட் 29 அன்று அபட் கையெழுத்திட்டார். கீழ்க் கோர்ட் தடுத்தது. டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2026 தேர்தலுக்கு அதைப் பயன்படுத்த அனுமதித்தது.

மக்கள்தொகை மாறினால் ஆட்சியும் மாறும் என்று ஜனநாயகக் கட்சி வெகுகாலமாகக் காத்திருக்கிறது. 2018இல் செனட் தேர்தலில் டெட் குரூஸ் வெறும் 2.6 சதவீத வித்தியாசத்தில் தப்பியபோது அந்த நாள் நெருங்கிவிட்டதாகத் தோன்றியது. 2024 அந்தக் கணக்கைக் கலைத்தது. ஹிஸ்பானிய மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஸ்டார் கவுன்டியில் டிரம்ப் வென்றார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே குடியரசுக் கட்சி வேட்பாளர் யாரும் வென்றதில்லை. மாநிலத்தில் அவருக்குக் கிடைத்த முன்னிலை 14 சதவீதத்தை நெருங்கியது. டல்லாஸ் மேயர் எரிக் ஜான்சன் அதற்கு முந்தைய ஆண்டே கட்சி மாறிவிட்டார்.

இந்தச் சண்டை நம்மவர்களுக்கும் அந்நியமில்லை. ஹூஸ்டனை ஒட்டிய பியர்லாண்டில் மீனாட்சி கோயில் இருக்கிறது. மிசௌரி சிட்டியில் 2020இல் ராபின் இலக்காட்டும், ஸ்டாஃபோர்டில் 2023இல் கென் மேத்யூவும் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இருவரும் கேரளத்தில் பிறந்தவர்கள். குடியேறியவர்கள் அரசியலில் முதலில் கால் வைக்கும் படி நகராட்சிதான். தெருவில் தேங்கும் தண்ணீர், பிள்ளை படிக்கும் பள்ளி, வீட்டு வரி என்று அவர்களைப் பாதிக்கும் விஷயங்கள் அங்கேதான் முடிவாகும் என்ற நம்பிக்கையில் ஓட்டுப் போடுகிறார்கள், போட்டியிடுகிறார்கள்.

அந்த நம்பிக்கைதான் இன்று பணயத்தில் இருக்கிறது. டெக்ஸாஸ் நகரவாசி தேர்ந்தெடுக்கும் மேயருக்கு அதிகாரம் குறைந்துகொண்டே போகிறது. அதிகாரம் குவிந்திருக்கும் இடத்தில் அவருடைய ஓட்டுக்கு வலு இல்லை. அடுத்த வெள்ளமோ, அடுத்த அனலோ வரும்போது அவர் யாருடைய கதவைத் தட்டுவது என்ற கேள்விக்கு 140 நாள் கூடிக் கலையும் சட்டமன்றம் இன்னும் பதில் சொல்லவில்லை.